எனக்கு ஓட்டுப் போடாதே, ஹெதர்

அன்புள்ள ஹெதருக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பால் சௌக்கியம், மற்றபடி சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அங்கே உங்களுக்கு இப்போது குளிர்காலம், நீயும் கிரெய்கும் நன்றாக இருக்கிறீர்களா, குட்டி மேசிக்குக் காதுவலி தேவலையா, தலையைச் சரியாகத் துவட்டாமல் அவளைத் தூங்க விடாதே, உனக்கும் அந்த வயதில் இதே காதுவலிதான். போனில் பேசியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று இரண்டு திருத்தம் சொல்வாள், நீ அந்தப் பக்கம் சிரிப்பாய், விஷயம் போய்ச் சேராது. அதனால்தான் தாளில் எழுதி, நூலகத்தில் இருக்கிற பெண்ணிடம் கொடுத்துப் படமெடுத்து உனக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லப்போகிறேன், தாள் பின்னாலேயே தபாலில் வரும். விஷயம் இதுதான். வெளிநாட்டில் இருக்கிற உனக்குப் பதிலாக இங்கே ஓட்டுப் போட என் பெயரைத்தானே எழுதிக் கொடுத்திருக்கிறாய், "அப்பா, என் ஓட்டு உங்களுக்குத்தான், உங்க கையாலயே போட்டுடுங்க" என்று நீ போன வாரம் செய்தி அனுப்பியிருந்தாய், கூடவே மூன்று இதயப் படம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் எப்படி வேட்பாளர் ஆனேன் என்று உனக்கு யாரும் முறையாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், அம்மா சொன்னது அவள் பக்கத்து நியாயம். முழுக்கப் படித்துவிட்டுப் பதில் போடு.

நம் ஹார்க்கிளஃப் தொகுதியில் போன தடவை நீலக் கட்சிக்காரன் நூற்று எண்பத்தேழு ஓட்டில் ஜெயித்தான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நம்மவர்கள் ஓட்டையெல்லாம் கூட்டினால் அவனைப்போல இரண்டு பங்கு வரும், ஆனால் கூட்டினால்தானே. சிவப்புக்குக் கொஞ்சம், பச்சைக்குக் கொஞ்சம், மஞ்சளுக்குக் கொஞ்சம், இன்னும் புரட்சியைக் கைவிடாத அந்த ஏழு பேருக்கு ஏழு. நம் வீட்டிலேயே பாரேன், முப்பத்தெட்டு வருஷமாகச் சிவப்புக் கட்சியின் கிளைச் செயலாளர் குடியிருக்கிற வீடு, ஆற்றில் சாக்கடையை விட்டார்கள் என்று உன் அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் பச்சைக்குப் போய்விட்டாள். சாக்கடையை விட்டது நானா? முன்னறை ஜன்னலில் மேல் கண்ணாடி எனக்கு, கீழ்க் கண்ணாடி அவளுக்கு என்று ஒப்பந்தம். மேலே சிவப்புச் சுவரொட்டி, கீழே அவர்கள் சின்னமான சூரியகாந்தி போட்ட பச்சை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். காலை உணவின்போது அரசியல் பேசுவதில்லை என்பது இன்னொரு ஒப்பந்தம், அதனால் காலையில் இரண்டு பேரும் டோஸ்ட்டைக் கடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள் பச்சைக் கட்சிக்காக வீடு வீடாகப் போய்க் குறிப்பெடுக்கிற பட்டியலில் நம் வீட்டு எண்ணும் இருக்கிறது, என் பெயருக்கு நேராக "பிடிவாதம், மறுபடி போக வேண்டாம்" என்று எழுதி வைத்திருக்கிறாள். நானே பார்த்தேன்.

இந்தப் பிரிவினையைத் தீர்க்கத்தான் வசந்த காலத்தில் டோரீன் க்ராப்ட்ரீ ஒரு ஒற்றுமைக் குழு ஆரம்பித்தாள். உனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தாளே, அதே டோரீன்தான், இன்னும் அதே குரல். நாலு கட்சியிலிருந்தும் ஆள் வந்தார்கள், உன் அம்மா பச்சைக்காக, நான் சிவப்புக்காக. நூலகத்தின் பின்னறையில் ஆறு கூட்டம் நடந்தது, நாலு வேட்பாளரை ஒன்றாக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து, யார் அந்த ஒருவர் என்பதில் நாலு கருத்து. ஆறாவது கூட்டத்தில் மிரட்டிப் பார்க்கலாம் என்று முடிவானது. நீங்கள் நாலு பேரும் பேசித் தீர்க்காவிட்டால் நாங்களே ஒரு ஒற்றுமை வேட்பாளரை நிறுத்துவோம் என்று கட்சிகளுக்கு எழுதுவது. மிரட்டலுக்கு ஒரு பெயர் வேண்டுமே. இம்மாதிரிக் கூட்டங்களின் வழக்கம் உனக்குத் தெரியும், அறையில் இல்லாதவன் தலையில்தான் பதவி விழும். பொருளாளர் பதவி எனக்கு வந்ததும் அப்படித்தான், செயலாளர் பதவி வந்ததும் அப்படித்தான். இத்தனை வருஷ அனுபவம் இருந்தும் நான் டீக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்து போனேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். உன் அம்மாவும்தான். நாலு கட்சிக்கும் சம அளவில் எரிச்சல் தருகிறவன் நான் ஒருவன்தானாம். சும்மா மிரட்டத்தானே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்துப் பேர் முன்மொழிந்தார்கள், கேக் விற்ற பணம் டெபாசிட்டுக்குப் போனது.

மனுத் தாக்கலின் கடைசி நாள் காலையில் டோரீன் மனுவைக் கொடுத்துவிட்டாள். கட்சிகளிடமிருந்து பதில் வராவிட்டால் கொடுப்பது என்று தீர்மானம் இருந்தது, பதில் வரவில்லை. நான் பதறிப்போய் அவசரக் கூட்டம் கூட்டச் சொன்னேன். மாலை நாலு மணி வரை மனுவைத் திரும்பப் பெறலாம், கூட்டம் இரண்டு மணிக்கு. தீர்மானம் போடக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும் என்பது குழுவின் விதி, வந்தது நாலு பேர். ஐந்தாவது ஆள் உன் அம்மா. அன்று காலையில்தான் கீழ்க் கண்ணாடியிலிருந்த சூரியகாந்திப் படம் மேல் கண்ணாடிக்குள் மூன்று விரல் ஏறியிருக்கிறது என்று நான் சண்டை போட்டிருந்தேன், அவள் கோபத்தில் வரவில்லை. "தீர்மானம்னா தீர்மானம், அஞ்சு பேர் இல்லாம அதத் தொட முடியாது" என்று டோரீன் சொல்லிவிட்டாள். ஐந்து பேர் இல்லை என்று அறிவிப்பதற்கு ஐந்து பேர் வேண்டுமா வேண்டாமா என்று நான் ஒரு ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினேன். நல்ல பிரச்சினை அது, இப்போது யோசித்தாலும் எனக்குக் குறை தெரியவில்லை. அதை விவாதித்துக்கொண்டே இருந்தோம், தலை நிமிர்ந்து பார்த்தால் மணி நாலேகால். தேர்தல் அலுவலகம் சாலைக்கு எதிர்ப்பக்கம்தான் ஹெதர். நானே எழுந்து போய் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்திருக்கும். கமிட்டி முடிவில்லாமல் ஒரு மனிதன் தன் பெயரைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நாலு வேட்பாளரை ஒன்றாக்கக் கிளம்பியவர்கள் ஐந்தாக்கினோம்.

மூன்றாம் நாள் நம் கிளைத் தலைவர் பாரி சட்கிளிஃப் மாமா வந்தார். பஸ் டெப்போவில் இருபத்தாறு வருஷம் என்னோடு ஒரே ஷிஃப்ட், நீ பிறந்தபோது உன்னைத் தூக்கிய மூன்றாவது ஆள். கையில் கட்சிக் கடிதம். கட்சியை எதிர்த்து நின்றதால் நான் உறுப்பினர் இல்லை என்று இரண்டே வரி. "டேய் டிரெவர், நான் தலைவர்ங்கிற முறையில இதக் குடுக்க வந்தேன், நண்பன்ங்கிற முறையில குடுக்க மனசு வரல" என்று வாசலிலேயே நின்று அழுதார். நானும் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, காரிலிருந்து இரண்டு கட்டுத் துண்டுப் பிரசுரத்தை எடுத்து வைத்தார். "ஆக்லி தெருவுக்கு உன்ன விட்டா ஆள் இல்லடா, அங்க நாயெல்லாம் உனக்குத்தான் பழக்கம்." விலக்கப்பட்டவன் போடலாமா என்று கேட்டேன், விதியில் தடை இல்லையாம். ஆகவே நான் சிவப்புப் பிரசுரத்தை வீடு வீடாகக் கொடுத்து, தயவுசெய்து அந்த ஹெப்வர்த்துக்குப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு போனேன். ஹெப்வர்த் யார் என்று கேட்டவர்களுக்கு நான்தான் என்றேன். மூன்று வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் விபரீதம். எல்லா வேட்பாளரும் பேசுகிற கூட்டம் தேவாலயக் கூடத்தில் நடந்தது. ஆளுக்கு ஐந்து நிமிஷம். எனக்கு ஓட்டுப் போட வேண்டாம், போட்டால் நீலக் கட்சிக்காரன் மறுபடி வந்து உட்காருவான், என்னிடம் திட்டம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷத்தில் உட்கார்ந்தேன். கூடமே எழுந்து கை தட்டுகிறது. திருமதி பிக்கர்ஸ்டாஃப், அந்த வாத்துப் பண்ணைக்காரி, வாழ்நாளில் யாருக்கும் போட்டதில்லை என்று பெருமையடிப்பாளே, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுவது வருஷத்துல உண்மையப் பேசின ஒரே ஆளு நீங்கதான், என் ஓட்டு உங்களுக்கு" என்றாள். அடுத்த நாள் பத்திரிகையில் என் படம். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். பச்சைக்காரர்கள் என்னோடு பேசவில்லை, மஞ்சள்காரர்கள் என்னோடு பேசவில்லை, அந்த ஏழு பேரும் எனக்கு எதிராக ஊர்வலம் போனார்கள், எட்டாவதாக ஒரு ஆள் கிடைத்திருந்தான். டோரீன் கனவு கண்ட ஒற்றுமை ஒருவழியாக வந்துவிட்டது, எல்லோரும் ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டினார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஆனால் நீலக் கட்சிக்காரன் என்னைத் தேடி வந்து இரண்டு கையாலும் என் கையைக் குலுக்கி, "நல்லாப் பண்றீங்க மிஸ்டர் ஹெப்வர்த், இப்படியே போங்க" என்றான் பார், அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

அதிலிருந்து நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொண்டு, எனக்குப் போடுவேன் என்று சொன்ன ஒவ்வொருவர் வீட்டுக்கும் திரும்பப் போனேன். நூற்றுப் பதினாறு பேர். மழையில் போனேன், முழங்கால் வீங்கிப்போய்ப் போனேன், திருமதி பிக்கர்ஸ்டாஃப் வீட்டுக்கு மட்டும் நாலு நடை, கடைசியில் வாத்துக் கூண்டுக்கு ஒரு கதவு செய்து கொடுத்தபிறகுதான் சிவப்புக்குப் போடச் சம்மதித்தாள். நேற்றோடு நூற்றுப் பதினாறு பெயரையும் அடித்தாகிவிட்டது. முன்மொழிந்த பத்துப் பேரும் அவரவர் கட்சிக்குத்தான் போடுவோம் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். நானும் எனக்குப் போடமாட்டேன். பாரி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கட்சியில இருந்தப்ப நீ இப்படி உழைச்சிருந்தா போன தடவையே ஜெயிச்சிருப்போமேடா" என்றார். டெபாசிட் போக வேண்டும் என்று ஊர் ஊராக அலைகிற வேட்பாளர் இந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான். மிச்சம் இருப்பது உன் ஒரு ஓட்டு. நீ சொன்னபடி போடுவதுதான் உனக்குப் பதிலாகப் போடுகிறவன் கடமை, என் இஷ்டத்துக்கு மாற்றிப் போட என்னால் முடியாது, அந்த மாதிரி ஆள் இல்லை நான். ஆகவே நீயே ஒரு வரி எழுதி என்னை விடுவிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. நேற்று அந்தக் கடைசிப் பெயரை அடித்த பிறகு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. முடிவு அறிவிக்கிறபோது வேட்பாளர்களை மேடையில் வரிசையாக நிற்க வைப்பார்கள். அகர வரிசையில் பெயரைப் படித்து எண்ணைச் சொல்வார்கள். டிரெவர் ஹெப்வர்த், பூஜ்யம். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் கதவு தட்டினவனுக்குப் பூஜ்யம். அதைத்தானே கேட்டு வாங்கினேன், ஆனாலும் ராத்திரி எழுந்துபோய் நோட்டைத் திறந்து, அடித்த பெயர்களை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். உன் மூன்று இதயத்தை அழிக்காமல் வைத்திருந்ததற்கும் அதுதான் காரணம், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

இன்று காலையில் அம்மா தன் தபால் ஓட்டை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். தேர்தலன்று பச்சைக்காக வாக்குச்சாவடி வாசலில் நிற்க வேண்டுமே, அதனால் முன்கூட்டியே. பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். ஒட்டினாள், கோட்டை மாட்டிக்கொண்டு முனைத் தபால் பெட்டி வரை போய்ப் போட்டுவிட்டு வந்தாள். ஆற்றுக்குத்தானே போட்டாய் என்று கிண்டலாகக் கேட்டேன். உனக்குத்தான் என்றாள். நான் கத்தினேன். நூற்று எண்பத்தேழு, நூற்று எண்பத்தேழு என்று மேசையைத் தட்டினேன், உன் கொள்கை எங்கே, உன் சூரியகாந்தி எங்கே என்று கேட்டேன். "கத்தாத மனுஷா, அன்னிக்கு மீட்டிங்குக்கு நான் வந்திருந்தா நீ இந்தக் கோலத்துல நிக்கவே மாட்ட. அந்த மேடையில நல்ல கோட்டப் போட்டுக்கிட்டு நீ நிக்கும்போது உம் பேருக்கு எதுக்க பூஜ்யம்னு எவனாவது வாசிச்சா அத என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள். நாற்பத்தொரு வருஷத்தில் என் பேச்சை ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா? இத்தனை பேரை மாற்றினேன், இவள் ஒருத்தியை மாற்ற முடியவில்லை. தபால் பெட்டிக்குள் போனதை எடுக்கவும் முடியாது.

ஆகவே கண்ணு, எனக்கு ஒரு ஓட்டு விழுந்துவிட்டது. அது போதும், அதற்கு மேல் நான் தாங்கமாட்டேன். உன்னுடையதைச் சிவப்புக்குப் போடச் சொல்லி, ஓட்டுப்பதிவு நடக்கிற வியாழக்கிழமைக்குள் எழுது. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், மேசிக்கு என் முத்தம். தலை துவட்டுகிற விஷயத்தை மறக்காதே. அம்மாவுக்குப் பதில் போட்டால் இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, ஜன்னலில் மேல் கண்ணாடியையும் அவளுக்கே கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதே தெரிந்தால் மூன்று விரலை மூன்று அடி ஆக்கிவிடுவாள்.

இப்படிக்கு,
ஒரே ஒரு ஓட்டு வாங்கிய உன் அப்பா,
டிரெவர் ஹெப்வர்த்