டிஸ்க் தூங்கக் கூடாது

கடலடி நிலையம், கட்டுப்பாட்டு அறை
எழுதுபவர்: ஸ்டெல்லா மச்சாடோ, பொறியாளர்

காலை 9:10
வழக்கமான சோதனை. ஆழத்தில் குழாய் பழுதுபார்த்துவிட்டு வந்த டைவர் கிளாட்வின் அழுத்த அறைக்குள் இருக்கிறான். அழுத்தம் மெல்லக் குறைந்து, மாலை ஆறு மணிக்குத்தான் கதவு தானாகத் திறக்கும். சட்டென்று குறைந்தால் இரத்தத்தில் குமிழி கட்டிச் செத்துப்போவான். வால்வுகளை ஓட்டுவது தாத்தா காலத்துக் கணினி. புதிது கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார்கள்.

10:25
கணினியின் ஹார்ட் டிஸ்க் தானாகத் தூங்கிவிட்டது. அது விழித்துச் சுழல்வதற்குள் எல்லாம் உறைந்து நின்றது, வால்வு திறந்தபடி. கிளாட்வின்: "எக்கா, காது படக்குன்னு அடைக்கு. என்ன பண்ணுத?" தூங்கும் அமைப்பை அணைத்துவிட்டேன்.

11:40
மறுபடியும். அமைப்பு அணைந்துதான் இருக்கிறது, டிஸ்க் கேட்டால்தானே! தானாக எழுதும் நிரல் ஒன்று போட்டேன். அது நினைவகத்திலேயே எழுதிக்கொண்டு டிஸ்க்கைத் தொடவே இல்லை. இந்தப் பதிவேட்டில் நானே தட்டிச் சேமித்தால் மட்டும் சுழல்கிறது. ஆகவே தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

பிற்பகல் 2:05
தண்ணீர் எடுக்க எழுந்தேன். அதற்குள் தூங்கிவிட்டது சனியன். இந்த முறை என் அறையின் காற்று விசிறியும் நின்றது, திரும்ப ஓடவில்லை. கிளாட்வினுக்கு முழங்கையில் வலியாம், குமிழி கட்டுவதன் முதல் அறிகுறி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

3:30
தலை வலிக்கிறது. மேலே கப்பலிலிருந்து: "ஸ்டெல்லா, அங்க காத்து கெட்டுப்போச்சு. மேல தூக்குற கூண்டு வாசல்ல நிக்குது, ஏறும்மா. நீரோட்டம் கூடுது, ரொம்ப நேரம் நிறுத்த முடியாது." ஏறினால் யார் தட்டுவது? பயமாக இருக்கிறது. போகமாட்டேன்.

4:50
கூண்டைத் தூக்கிவிட்டார்கள். கிளாட்வின்: "போயிருக்கலாம்லா எக்கா. நான் பாத்துக்கிடுதேன்." உள்ளே பூட்டிக் கிடந்துகொண்டு எதைப் பார்ப்பானாம். தட்டு. சேமி. தட்டு.

5:35
கண் இருட்டு வால்வு சரி தட்டு சே

5:59
த

6:04
நான் கிளாட்வின். ஆறு மணிக்குக் கதவு தொறந்துச்சு. எக்கா கீபோர்டு மேலயே கவுந்து கெடந்தா. மூச்சு இருக்கு. நல்ல காத்து அழுத்த அறைலதான் இருக்கு, அதுல படுக்கவெச்சுக் கதவ வெளிய இருந்து பூட்டிட்டேன். அந்தக் காத்த உள்ள அனுப்புறதும் இந்தக் கம்ப்யூட்டர்தான், அதான் நான் தட்டுதேன். கூண்டு திரும்ப வர ஏழரை ஆகுமாம். என் சிலிண்டர்ல அரை மணி நேரத்துக்குத்தான் காத்து இருக்கு.

6:31
எக்கா கண்ணு முழிச்சிட்டா. கதவுக் கண்ணாடியப் போட்டு அடிக்கா. கதவத் திறன்னு கத்துதா. நான் பாத்துக்கிடுதேன்.