ஆள் இருக்கும் வீடு

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

சாமான் எல்லாம் உடையாமல் வந்து சேர்ந்தது; என் முதுகுதான் உடைந்தது. இங்கே போன் சரியாக எடுப்பதில்லை. இனி நமக்குள் கடிதம்தான்.

இருபத்திரண்டு வருஷம் வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டவள், நேற்று மூன்றாம் நம்பர் வீட்டுச் சுவரில் நானே ஒன்று அடித்தேன். மாட்ட ஒன்றும் இல்லை, சும்மா அடித்தேன். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டாயிற்று.

ஒரே குறை. காலனியில் பன்னிரண்டு வீடு, குடியிருப்பது நான் ஒருத்தி. மற்றவர்கள் விலை ஏறட்டும் என்று வாங்கிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். "வெல விழுந்துடக் கூடாதுன்னுதாம்மா கவர்மென்ட்டே கடன் குடுக்குது" என்கிறார் காலனியைக் கட்டிய மேஸ்திரி. தலைக்கு மேல் கூரையில்லாதவர்கள் எத்தனை பேர் இருக்க, விலைக்கு எதற்கடா முட்டுக்கொடுக்க வேண்டும்? வீட்டுக்கடன் இலாகாவில் உத்தியோகம் பார்க்கிறவன் நீ, சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

வந்த வாரமே இலாகாவைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாய். வீடு மாறினாலும் உன் வாய் மாறவில்லை. சரி, கேள். கடனை நிறுத்தினால் விலை சரியும். சரிந்தால் கொத்தனாருக்கு வேலை போகும், நீ வாங்கிய வீடும் பாதி விலைக்கு வந்துவிடும். அதற்குத்தான் முட்டு.

ஆனால் ஒரு விதி இருக்கிறது. பயப்படாமல் படி. கடன் கொடுத்த ஆறு மாதத்துக்குள், உங்கள் காலனிக்கு மார்ச் முடிவதற்குள், பாதி வீடுகளிலாவது ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலனி முழுவதற்கும் கடனை ரத்து செய்து வீடுகளை எடுத்துக்கொள்வார்கள். உன் வீடும் போகும். பாதிக்கு மேல் இருந்தால் காலனி தப்பும், காலி வீடுகளை மட்டும் வேறு ஆட்களுக்கு ஒதுக்குவார்கள். ஆய்வாளருக்கு நாற்பது காலனி. வண்டியை விட்டு இறங்க மாட்டார். பொழுது சாய்ந்ததும் தெருவிலிருந்தே பார்ப்பார். விளக்கு, கொடியில் துணி, வாசலில் செருப்பு. இந்த மூன்றும் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. மற்றவர்களைச் சீக்கிரம் குடிவரச் சொல்.

தம்பி

மார்ச் 20

தம்பி,

குடிவரச் சொல்வதற்கு அவர்கள் முகமே எனக்குத் தெரியாது. மேஸ்திரியிடம் பதினொரு வீட்டுச் சாவியும் இருந்தது. வாங்கிக்கொண்டேன். திட்டாதே. என் வீட்டைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தினமும் ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். வீடு வீடாக விளக்குப் போட்டு, தைக்கக் கொடுத்தவர்கள் வாங்காமல் விட்ட சட்டைகளைக் கொடியில் மாட்டி, வாசலில் பழைய செருப்பை வைத்துவிட்டு வருகிறேன். ஏழாம் நம்பர் வாசலில் சின்னக் குழந்தைச் செருப்பும் வைத்தேன். குடும்பம் என்றால் பார்க்க நன்றாக இருக்குமே!

ஒன்று மட்டும் மனசை அரிக்கிறது. ஏழாம் வீட்டில் உலர்ந்த சட்டையைத்தான் மாட்டினேன். காலையில் போய்ப் பார்த்தால் ஈரம் சொட்டுகிறது. அந்த வீட்டுக்கு இன்னும் தண்ணீர்க் குழாயே போடவில்லை. மழையும் பெய்யவில்லை. மற்றபடி சௌக்கியம்.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

அரசாங்க ஊழியனுக்கு எழுதுகிற விஷயமா இது? படித்ததும் கிழித்துப் போட்டேன்.

ஆய்வாளர் அறிக்கை வந்துவிட்டது. பதினொரு வீட்டில் ஆள் இருப்பதாக இருக்கிறது. ஏழாம் நம்பருக்கு நேரே, 'நான்கு பேர். சிறுமி கையசைத்தாள்' என்று எழுதியிருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டேன். "பொய் எழுதுவேனா சார்? பல்லு விழுந்த பொண்ணு, நல்லா சிரிச்சுது" என்றார். லீவு கேட்கக்கூட ஒரு காரணம் கற்பனை செய்யத் தெரியாத மனிதர் அவர்.

காலி என்று எழுதியிருப்பது ஒரே வீட்டைத்தான். உன் மூன்றாம் நம்பர். விளக்கில்லை, துணியில்லை, செருப்பில்லை. அந்த நேரத்தில் எங்கே போனாய் அக்கா? முப்பது நாளில் வேறு ஆளுக்கு ஒதுக்கிவிடுவார்கள். உடனே உங்கள் வட்டார அலுவலகத்தில் மனுக் கொடு. என் பெயரைச் சொல்லாதே. நான் தலையிட்டால் வேலைக்கே ஆபத்து.

தம்பி

ஏப்ரல் 27

தம்பி,

எங்கே போவேன்? ஏழாம் வீட்டில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். என் செருப்பு என் காலில் இருந்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் காட்டிய மடச்சி, தன் வீட்டை இருட்டில் விட்டுவிட்டேன். நினைக்க நினைக்க ஆறவில்லை.

மனுவோடு போனேன். "மூணாம் நம்பர்ல ஆளே இல்லைன்னு இருக்கும்மா. ஆள் இல்லாத வீட்லேருந்து மனு எப்படி வாங்குறது?" என்றார் குமாஸ்தா. "நான்தான்யா அந்த ஆளு. கண்ணு முன்னாடி நிக்கிறேனே!" என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "அடுத்து" என்றார்.

சாவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டைவிட்டு நகரவில்லை. ஆறு மணிக்கு மற்ற வீடுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, நான் போடுகிற அதே வரிசையில். நானும் என் விளக்கைப் போட்டேன். உள்ளே வெளிச்சமாகத்தான் இருந்தது. தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் என் ஜன்னல் மட்டும் இருட்டு. உள்ளே ஓடினால் விளக்கு எரிகிறது. நாலு தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறதடா. ஒரே ஒரு தடவை வா. தெருவில் நின்று உன் கண்ணால் பார்த்துச் சொல்.

அக்கா

ஜூன் 15

அக்கா,

வந்திருந்தேன். லீவு கிடைக்காமல் தாமதம் என்பது பாதி உண்மை. பயந்தேன் என்பது மீதி.

பன்னிரண்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது. மூன்றாம் நம்பரிலும் எரிவதைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கதவைத் தட்டினேன். யாரோ ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து திறந்தாள். "காலி வீடுன்னு எங்களுக்கு ஒதுக்குனாங்க சார். வரும்போது ஒரு சாமான்கூட இல்ல" என்றாள். அவளும் வருஷக்கணக்காக வாடகையில் கிடந்தவள்தானாம். அவள்மேல் எப்படிக் கோபப்படுவேன்? பிறகு குரலைத் தாழ்த்தி, "டெய்லி சாயங்காலம் ஒரு அம்மா தெருவுல நின்னு நம்ம ஜன்னலையே பாக்கறாங்க. உள்ள வாங்கம்மான்னு கூப்ட்டா காணாம போயிடறாங்க" என்றாள். மூன்று நாள் அதே தெருவில் காத்து நின்றேன். என் கண்ணில் நீ படவில்லை. உறவுக்காரர் வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கேட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். அந்த அறிக்கையில் ஆய்வாளர் கையெழுத்துக்குக் கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையது. மூன்றாம் நம்பரைப் பார்த்ததுமே அது நீ என்று தெரிந்தது. அடித்துத் திருத்தியிருக்கலாம். சொந்த அக்காவுக்குச் சலுகை காட்டினான் என்று யாராவது சொல்வார்களோ என்று, காலி என்றே கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிவிட்டேன். இப்போது காலனி நிரம்பியது, விலையும் ஏறியது என்று இலாகாவில் கைகுலுக்குகிறார்கள்.

மே மாதம் நான் போட்ட இரண்டு கடிதமும் திரும்பி வரவில்லை. தங்களிடமும் வரவில்லை என்றாள் அந்தப் பெண். தபால்காரரைப் பிடித்துக் கேட்டேன். "மூணாம் நம்பர் அம்மா கையிலதானே சார் குடுத்தேன்? நின்ன இடத்துலயே பிரிச்சுப் படிச்சாங்களே" என்றார்.

இதையும் அதே விலாசத்துக்குத்தான் போடுகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது, அக்கா.

தம்பி