ஒரே சைட், இரண்டு வேலை

மார்ச் 4, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. ஈசூன் ரயில் பிளாட்பாரம் முழுக்க ஈரக்குடை. சாங்கி விமான ஹேங்கரில் இன்று அளவுக்கருவிச் சோதனை: நட்டு முடுக்கும் டார்க் ரெஞ்ச் பதினாறு. இரண்டு ஃபெயில். சூப்பர்வைசர் மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மறுபடி ஃபெயில்.

இரவு எட்டுக்குக் குமரன் அத்தான் கால், ஹூஸ்டனிலிருந்து. அங்கே காலை ஆறு. மீரா அக்காவைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருடம். போன வருடம் பிஸ்டல் வாங்கி சனிக்கிழமைப் போட்டிகளில் சுடுகிறார். நானும் இங்கே கிளப்பில் சுடுகிறவன் என்பதால் இந்த விஷயத்தில் மட்டும் என் பேச்சுக்கு மதிப்பு.

விஷயம்: திங்கட்கிழமை எதிர்வீட்டில் திருடன் புகுந்திருக்கிறான். அத்தானுக்கு அதிலிருந்து தூக்கமில்லை. அதுவரை பூட்டுப் பெட்டியில் இருந்த பிஸ்டல் இப்போது கட்டில் பக்கத்து டிராயரில். குண்டு போட்டபடி. போட்டிக்கும் அதுவே, வீட்டுக் காவலுக்கும் அதுவே. "ஒரே சைட், ரெண்டு வேலை. எது போடலாம்னு சொல்லு மாப்ள. ஞாயித்துக்கிழமை ஆர்டர் பண்றேன்."

கடைசியில் ஒன்று: "டிராயர் விஷயம் அக்காகிட்ட சொல்லிக்காத. வீணா பயப்படுவா."

சரி என்றேன். அவர்கள் வீட்டு விவகாரம். என்னிடம் கேட்டது சைட், குறிபார்க்க பிஸ்டல் மேல் மாட்டுவது.

நல்ல கேள்வி. இரண்டு வேலைக்கும் தேவை நேரெதிர் என்று தோன்றுகிறது. பார்க்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மதியம் கேன்டீனில் பட்டியல் போட்டேன். மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிப்போனது.

1. வெறும் கறுப்பு. முனையில் சின்னத் தகடு, கண்பக்கம் பள்ளம். பள்ளத்துக்கு நடுவில் தகடு, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். துல்லியம் அதிகம். இருட்டில் பூஜ்யம்.
2. ஃபைபர். தகட்டில் பச்சைக் குச்சி. வெளிச்சத்தை இழுத்து மின்னும். வெளிச்சம் இல்லையென்றால் அதுவும் செத்தது.
3. தானே ஒளிரும் மூன்று புள்ளி. இருட்டில் ராஜா. பகலில் புள்ளி பெரிது, பேப்பர் இலக்கின் மையத்தை மறைக்கும்.
4. சிவப்புப் புள்ளிக் கண்ணாடி. வேகம். ஆனால் போட்டியில் அத்தான் வேறு பிரிவில் சுட வேண்டிவரும். பேட்டரி வேறு.

தலைப்பு வரிசை: வேகம், துல்லியம், பகல், இருட்டு, பேட்டரி, பிரிவு விதி, எடை, கழற்றி மாட்டும் நேரம். எட்டு. இன்னும் என்ன விட்டுப்போனது?

மாலை கிளப். கையெழுத்துப் போட்டு ஆயுத அறையிலிருந்து பிஸ்டல் வாங்கி, சுட்டு, துடைத்து, திரும்பக் கையெழுத்து. ஆறு வருடமாக என் பிஸ்டல் என்கிறேன், ஒருநாள்கூட வீட்டுக்கு வந்ததில்லை. வீட்டில் ஒன்று இருந்தால் எங்கே வைப்பது? ரைஸ் குக்கர் பக்கத்திலா? கற்பனையே ஓடவில்லை.

பக்கத்து லேனில் ஹாஜா. அலுவலகத்தில் வக்கீல், இங்கே வாயாடி. என் இரண்டாவது இலக்கு அட்டையைப் பார்த்துவிட்டு, மறுபடி இலக்கைப் பார்க்கிறாய் என்றார். சரிதான். ராணுவத்தில் இரண்டு வருடம் ஸ்கோப் வழியே இலக்கையே பார்த்துச் சுட்ட பழக்கம், இன்னும் போகவில்லை. பிஸ்டலில் கண் முன் தகட்டில் நிற்க வேண்டும். தகடு கூர்மை, இலக்கு மங்கல்.

"பேப்பரை விடு லா. அது எங்க ஓடப்போகுது. மங்கலா தெரிஞ்சாதான் நீ சரியா சுடுற."

மூன்றாவது அட்டை: நூற்றுக்கு 93. மங்கலாக்கினேன், வந்தது. கண்ணுக்கு ஒரே நேரத்தில் ஒரு தூரம்தான். ஆறு வருடமாகத் தெரிந்த சங்கதி, இருந்தும் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கிறது.

அத்தானுக்கு மெசேஜ்: இப்போதைக்கு 3 முன்னால். சோதித்துவிட்டுச் சொல்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

லீவு. வெயில், பத்து மணிக்கே சட்டை ஒட்டுகிறது. அம்மாவின் சீட்டுடன் தேக்கா சந்தை: முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழைப்பூ (கிடைத்தால்). கிடைத்தது. செராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஹார்ட்வேர் கடையில் இருட்டில் ஒளிரும் டேப். "படிக்கட்டுக்கா தம்பி?" ஆமாம் என்றேன். டிவி ரிமோட்டுக்கு என்று சொன்னால் நம்பவா போகிறார்.

வேலை: பட்டியலில் மூன்றாவது சைட் மாதிரி, ரிமோட்டின் முனையில் ஒரு புள்ளி, அடியில் இரண்டு. கத்தரியால் நறுக்கி, வெர்னியரால் அளந்து. பிஸ்டல் மாதிரி எதையும் இந்த ஊரில் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, ரிமோட் போதும். இருட்டுக்கு வீட்டு பாம் ஷெல்டர், குண்டு விழுந்தால் பதுங்க வீட்டோடு கட்டித் தரும் அறை. இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. குண்டு எதுவும் இதுவரை விழாததால் அரிசி, வெங்காயம், பழைய ஃபேன், அக்காவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள்.

மதியம் பன்னிரண்டு. லைட்டை அணைத்து, கதவை ஒரு சாண் விட்டுச் சாத்தினேன். கை நீட்டியதும் மூன்று புள்ளியும் ஒரே கோட்டில். இரண்டு நொடி ஆகவில்லை. பத்துத் தடவை. பத்தும் சரி. இவ்வளவு சுலபமா? சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினோராவது தடவை கதவு அசைந்தது. யாரோ உள்ளே வந்தார்கள். கை தானாக உயர்ந்தது, புள்ளிகள் வரிசையாயின, கண் நடுப்புள்ளியில் போய் நின்றது. நேற்று ஹாஜா சொன்னபடியே. புள்ளி கூர்மை. பின்னால் ஒரு கறுப்பு உருவம், மங்கல். ஒன்றரை மீட்டர். அம்மாவா அப்பாவா தெரியவில்லை. தெரியவில்லை என்பதே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

லைட்டைப் போட்டேன். அம்மா, வெங்காயக் கூடைக்குள் கைவிட்டபடி.

"ரிமோட்ட வெச்சுக்கிட்டு இங்க என்னடா பண்ற?"

சோதனை என்றேன். இருட்டில் ஏன் வருகிறீர்கள், லைட் போடக்கூடாதா என்று எரிந்து விழுந்தேன். வெங்காயம் எடுக்க லைட் எதற்கு என்றார். பிறகு சாதாரணமாக: "உங்க அக்காவும் இப்படித்தான். ஆஸ்பத்திரியிலேருந்து வந்தா லைட்டே போடறதில்லையாம். செருப்பக் கையில எடுத்துக்கிட்டு மேல ஏறுவாளாம். பிள்ளை முழிச்சுக்குமாம்."

அக்கா நர்ஸ். இந்த மாதம் ஷிஃப்ட் முடிவது விடியற்காலை மூன்று. வீடு சேர நாலு.

முருங்கைக்காய் சாம்பார். சாப்பிட முடியவில்லை. எட்டுத் தலைப்பில் இல்லாதது இது: எதிரில் நிற்பது யார். கிளப்பில் அந்தக் கேள்வியே கிடையாது. எதிரில் எப்போதும் பேப்பர்.

அத்தானுக்கு உடனே கால். அங்கே வியாழன் இரவு பதினொன்று, குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்: எந்த சைட்டும் வேண்டாம். டிராயரிலிருந்து எடுத்துப் பெட்டியில் பூட்டுங்கள். அக்காவிடம் சொல்லுங்கள். சிரித்தார். "என் பொண்டாட்டி நடக்கற சத்தம் எனக்குத் தெரியாதா மாப்ள?" செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறாள் அத்தான் என்றேன். பிறகு, சரி, நானே பக்குவமாகச் சொல்கிறேன், நீ நடுவில் வராதே என்றார்.

வரவில்லை.

மார்ச் 7, சனி

மேகமூட்டம். ஓவர்டைம், அரை நாள். ஒரு கேஜின் அளவை இரண்டு தடவை தப்பாக எழுதினேன். இது எனக்கு நடப்பதில்லை.

பஸ்ஸில் யோசனை: மேலே டார்ச் மாட்டிய பிஸ்டல் என்றால்? முகம் தெரியும். ஆனால் முகத்தைப் பார்க்கவே பிஸ்டலை அந்த முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். கைவிளக்குத் தனியாக, இன்னொரு கையில்? கையில் குழந்தை இருந்தால்? எட்டுப் பக்கம் யோசிக்கலாம் இதை. நிறுத்தினேன்.

மதியம் மெசேஜ்: சொல்லிவிட்டீர்களா? இரண்டு நீல டிக், படித்துவிட்டார். மாலை ஆறுக்குப் பதில்: "சன்டே அவளுக்கு ஆஃப். அன்னிக்கு."

எட்டு மணிக்கு அக்காவுக்கே போன் அடித்தேன். அங்கே சனி காலை ஆறு. பால் கொடுக்க எழுந்திருந்தாள், குரல் அடைத்திருந்தது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அத்தான் பக்கத்து டிராயரைத் திற என்றேன்.

போனை வைக்கவில்லை. மரம் உரசும் சத்தம். குழந்தை சப்பும் சத்தம். பிறகு அக்கா, தாழ்ந்த குரலில்: "குமரன். எழுந்திரிங்க." அத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் ஏதோ சொன்னார், எதிர்வீடு, திங்கட்கிழமை. குண்டைக் கழற்றும் கிளிக். இரும்புப் பெட்டி திறந்து மூடும் சத்தம். சாவி.

அக்கா போனுக்குத் திரும்பினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

புதன்கிழமை என்றேன்.

"இன்னிக்கு என்ன?"

சனி.

"நான் வியாழன் வந்தேன். வெள்ளி வந்தேன். இப்ப ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்தேன். நீ என்னடா பண்ணிக்கிட்டிருந்த?"

பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

நேர வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். எனக்குத் தெரிந்த பிறகு அவள் இருட்டில் மாடி ஏறியது மூன்று தடவை.