பிணமாகக் கிடந்து நீ நடத்திய கூட்டம்

மழைக்காலத்துக்கு முந்தைய ஒத்திகைக்காக இன்று காலை வாசகசாலைப் பரணிலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்கினோம். துணியை நானே சோப்பு போட்டு அலசிக் காயவைத்தேன். ஆனாலும் தலைமாட்டில் உன் சிப்ஸ் கடையின் தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. என் மனைவி மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியே" என்றாள். நீயாக இருந்தால், "ஒனக்கு வெளுக்கத் தெரியாதுலே" என்றிருப்பாய்.

அன்றும் இதே ஸ்ட்ரெச்சர்தான். ஓடை பெருகினால் நம் சந்திலிருந்து எல்லோரையும் எப்படி வெளியேற்றுவது என்று திட்டம் போட வந்த அதிகாரிகள், வரைபடத்தைச் சுவரில் ஒட்டி நம் அபிப்பிராயம் கேட்டார்கள். அதில் சந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. பழம்பொரியைத் தின்றுகொண்டே எல்லோரும் தலையாட்டினோம். வடக்கு எது என்றே தெரியாத நான் கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன். நீதான், "ஒரு ஆளைப் போட்டுத் தூக்கிப் பாத்துருவோம் சார்" என்றாய். யாரை என்று எல்லோரும் விழிக்க, நீயே ஏறிப் படுத்துக் கண்ணை மூடினாய்.

தூறிக்கொண்டிருந்தது. கால்மாட்டை நான் பிடித்திருந்தேன். என் வீட்டு வளைவில் ஸ்ட்ரெச்சர் சிக்கியது. ஒரு பக்கம் எதிர்வீட்டு மலையாளத்துச் சேச்சியின் வாசல்படி, மறுபக்கம் என் குளியலறைச் சுவர். சாய்த்துப் பார்த்தபோது உன் கை நழுவி வெளியே தொங்கியது. மழைத்துளி இமைமேல் விழுந்தும் இமை அசையவில்லை.

"போதும், எந்திரி" என்றேன். பாதத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"அய்யோ, ஆளு போயல்லோ" என்று சேச்சி அழ ஆரம்பித்தார்.

அப்போது, மூடிய கண்ணோடு, உதடு மட்டும் லேசாக அசைந்தது. "சேச்சி, படிய எப்பம் இடிப்பீங்க?"

அதிகாரி பின்னால் நகர்ந்து என் செம்பருத்திச் செடிமேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் பயம்தான். "எஞ் செவத்த இடிக்க மாட்டேன். எம் மவள நான் முதுவுல தூக்கிட்டுப் போவேன்" என்றேன். நடக்க முடியாத என் மகள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வேலைக்குப் போயிருக்கும்போ வெள்ளம் வந்தா, மக்கா?"

பிணத்தோடு தர்க்கம் செய்கிற அளவுக்கு நான் படிக்கவில்லை. சேச்சி படியைக் கொடுத்தார், நான் சுவரைக் கொடுத்தேன். அதன்பிறகே நீ எழுந்தாய். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு இன்றுவரை பக்கவாட்டில் நின்றுதான் குளிக்கிறேன்.

அந்த ஆடியிலேயே, கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன்னைக் கடைசியாகச் சந்திலிருந்து வெளியே கொண்டுபோகும்போதும் கால்மாட்டில் நான்தான். வளைவு அகலமாகக் கிடந்தது, எதுவும் இடிக்கவில்லை. ஆனாலும் அங்கே எல்லோருடைய கால்களும் தாமாக நின்றன. உன் வாயையே பார்த்தோம். "பொறுங்க, எதாவது பறயும்" என்று சேச்சி மெதுவாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

போன ஐப்பசியில் ஓடை உள்ளே வந்தபோது நான் ஊருக்கு வெளியே, கழக்கூட்டத்தில் கேன்டீன் வேலையில் இருந்தேன். பஸ் ஓடவில்லை. என் மகளை நம் சந்துக்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போனில் அவள் சொன்னாள்: "வளைவுல எல்லாரும் பேசாம நின்னுட்டாங்கப்பா. யாரோ 'செரி, போலாம்'னாங்க, அப்புறந்தான் நடந்தாங்க." யார் சொன்னது என்று பிறகு விசாரித்தேன். தூக்கிய ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள்.

இன்று பிணமாகப் படுக்க ஒருவரும் முன்வரவில்லை. சேச்சி என்னை ஏற இறங்கப் பார்த்து, "தூக்குறவங்க பாவம், ஆனா வேற ஆளில்லா" என்றார். படுத்தேன். கண்ணை மூடியதும் சந்து எங்கோ தள்ளிப் போய்விட்டது. என் பெயரை யாரும் சொல்லவில்லை. தலையைப் பிடி, காலைப் பிடி என்றார்கள்.

வளைவில் தட்டி நின்றது. புதிதாகக் குடிவந்தவர் தண்ணீர்த் தொட்டி கட்டச் செங்கல் அடுக்கியிருந்தார். சண்டைக்கு வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ஜன்னலிலிருந்து என் மகள் பேசினாள்.

"அண்ணே, அந்தக் கல்ல எடுத்துருங்க. நான் போற வழி அது."

அவர் ஏதோ முனகினார். அவள் விடவில்லை. இன்னொரு தடவை, இன்னும் நிதானமாகச் சொன்னாள். செங்கற்கள் ஒன்றொன்றாக நகரும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நான் இல்லாத சந்தில் அவள் பேசுவதை இன்னும் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.