ஐந்தாம் வகைக் காற்று

டிசம்பர், திங்கள். பதுளை.
காலையிலிருந்து தூறல். துவைத்த சேட்டு காயவில்லை, பூஞ்சண வாடை. வானிலைக் கந்தோருக்கான ஆய்வுக் கணக்கு ஒருவழியாக முடிந்தது. பழைய காற்று வரைபடங்களை வகைவகையாகப் பிரித்து, எந்த வகைக்கு எங்கே மழை என்று பார்த்தாயிற்று. மலைநாட்டின் மேற்குச் சரிவில் அச்சொட்டாகப் பொருந்துகிறது. கிழக்கே பதுளை, பசறை? இல்லை. ஐந்தாம் வகை என்றால் பெருமழை இல்லை என்பது கணக்கு; இங்கே ஒருநாள் சுள்ளென்று வெயில், இன்னொருநாள் அதே காற்றில் கொட்டித் தீர்க்கிறது.

கொழும்பு மேலதிகாரிக்கு போன். "உந்தப் பதுளையைக் கட்டுரையிலை இருந்து எடுத்துவிடும் தம்பி. முடிவு வடிவா வரும்." இரண்டு பேரும் யாழ்ப்பாணம். அந்த உரிமையில் 'தம்பி'.

செவ்வாய்.
மழை விடவில்லை. கந்தோர் அறைகளைக் கூட்டுகிற கமலம் நனைந்தபடி வந்தாள். பசறை வீதித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருப்பு. "லயத்துக்குப் பின்னால மண்ணு ஊறிக் கெடக்குங்க சார். இன்னிக்கும் ஊத்துமா?"

நமுனுகுலை மலை கண்ணுக்கே தெரியவில்லை. மண்சரிவு எச்சரிக்கை விடச் சொல்லி மறுபடி கொழும்புக்கு போன். "இண்டைக்கு ஐந்தாம் வகை. பெருமழை வராது. உம்மடை பயத்துக்கெல்லாம் ரேடியோவிலை சொல்லேலாது."

கமலத்திடம் நானே சொன்னேன்: புருஷன் பிள்ளைகளோடு டவுனில் அக்கா வீட்டுக்குப் போய்விடுங்கள்.

பல்வலி. கிராம்பு வாங்க மறந்துவிட்டேன்.

புதன்.
விடியுமுன் சரிந்தது. லயத்தின் கடைசிக் காம்பரா அறைகள் மண்ணுக்குள். கமலமும் பிள்ளைகளும் அக்கா வீட்டில். புருஷன் ராமையா போகவில்லை. உடலை மத்தியானம் எடுத்தார்கள்.

போனேன். அவள் அழவில்லை. "நீங்க சொன்னதச் சொன்னேங்க சார். ரேடியோவுல ஒண்ணும் சொல்லலியே, காலையில பெரட்டுக்குப் போய்ப் பேரு குடுத்தாத்தான் வேல, நீ போன்னுட்டாரு."

சேற்றில் நின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி, வெள்ளி. கொழும்பு.
நல்ல வெயில். கருத்தரங்கு. கட்டுரை வாசித்தது நான். மேலதிகாரி எடுக்கச் சொன்ன பதுளைப் பக்கத்தை அவரிடம் கேட்காமலே திரும்பச் சேர்த்திருந்தேன். "இந்த வகைகள் பதுளை மழையை விளக்கவில்லை. போன மாதம் ஐந்தாம் வகை நாளில் ஒருவர் செத்தார். பெயர் ராமையா."

மேலதிகாரி எழுந்தார். விதிவிலக்குகள் எங்கும் உண்டு, மொத்தத்தில் முடிவு திருப்தி என்றார். கைதட்டல்.

தேநீர் இடைவேளை. பக்கத்தில் நின்றவர், "நல்ல சாயம். எந்தப் பக்கத் தேயிலை?"

பசறைப் பக்கமாக இருக்கும் என்றேன்.

இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார்.