எதிர்வீட்டு ஆணியில் தொங்கும் டேப்பு

அன்புள்ள கனிமொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் ஒசாகா குளிரில் காதை மூடிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், முதல் வேலையாக ஜன்னலோரம் இருந்த என் எழுதுமேசையை இழுத்துக்கொண்டுபோய் ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். சத்தம் கேட்டு வந்த உன் அப்பா, என்னா, வீட்ட காலி பண்றமா என்று கேட்டார். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், நடுநடுவே சிரிப்பார். எனக்கு இப்போது யார் சிரித்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் இத்தனை நீளமாக மெயில் எழுதுகிறேன், ஆபீசில் படிக்காதே, வீட்டுக்குப் போய்ப் படி.

இப்போது வந்துகொண்டிருக்கும் தொடர்கதையை நீ படிக்கவில்லை என்று தெரியும், கோபமில்லை. நானும் சிதம்பரத்து கார்த்திகேசன் மாமாவும் காலேஜ் நாளிலிருந்து கொலைக்கதை எழுதும் முறை உனக்குத் தெரிந்ததுதான். ஒரு அத்தியாயம் நான், அடுத்தது அவன், நடுவில் யார் கொலைகாரன் என்று ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளக் கூடாது, வெளியே வந்துவிட்ட அத்தியாயத்தை யாரும் மாற்றக் கூடாது, அழிக்கக் கூடாது, மற்றவர் போட்ட முடிச்சை அவிழ்த்துத்தான் மேலே போக வேண்டும். அன்றைக்குக் காலேஜ் மலருக்கு எழுதினோம், இன்றைக்குப் போனில் படிக்கிற செயலிக்கு எழுதுகிறோம், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. இந்தக் கதையை ஆரம்பித்தவள் நான், நம் செம்மண்டலத்திலேயே நடப்பதாக வைத்தேன், ரிடையர் ஆன தாசில்தார் ஒருவர் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறார், அவ்வளவுதான் வைத்தேன். போன வெள்ளிக்கிழமை வந்தது கடைசிக்கு முந்தைய அத்தியாயம், கார்த்தி எழுதியது. அதில் போலீஸ் ஆரோக்கியம் என்ற தையல்காரியைப் பிடித்துக்கொண்டு போகிறது. இடது காலை இழுத்து நடக்கிறவள், விதவை, வீட்டுச் சுவரில் மாதா படத்தைச் சுற்றி சீரியல் பல்பு, தையல் மிஷின் மேல் ரோஸ் கலர் டவல், பக்கத்து ஆணியில் தொங்கும், அளவெடுக்கிற மஞ்சள் டேப்பு, தாசில்தாரை நெரித்தது அந்த டேப்பு. பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டு நம் எதிர்வீட்டு சவரியம்மாளை அப்படியே தூக்கி உள்ளே போட்டுவிட்டான்.

உன் முதல் யூனிஃபார்மிலிருந்து ஏர்போர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போன சுடிதார் வரைக்கும் தைத்த கை அது. தெருவில் போன் இல்லாத வீடு ஏது, சனிக்கிழமை காலையிலேயே எல்லோரும் படித்துவிட்டார்கள். முதல் நாள் சவரியம்மாளும் சேர்ந்து சிரித்தாள், ஒரு கொலையோட விட்டுட்டாரே உங்க ஃபிரெண்டு என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது ஸ்கூல் பையன்கள் சைக்கிளை நிறுத்தி, அத்தே, எங்களுக்குக் கழுத்து அளவு மட்டும் எடுக்காதீங்க என்று கத்தினார்கள். அதற்கும் சிரிக்கப் பார்த்தாள். திங்கட்கிழமை மூன்றாம் வீட்டு சிந்துஜாவின் அம்மா வந்து, நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்த ஜாக்கெட் துணிகளை வெட்டாமலேயே திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கதைன்னு தெரியும் சவரி, ஆனா பொண்ணு மாப்ள வீட்டாரும் படிக்கிறாங்க, நல்ல காரியம் பாரு, மனசு ஒரு மாரி கீது என்றாளாம். கதை என்று தெரியுமாம், ஆனாலும் ஒரு மாதிரி இருக்கிறதாம். கிறிஸ்துமஸ் வரப்போகிறது, பின்னாலேயே பொங்கல், வருஷத்தில் அவள் நிமிர்ந்து உட்காராமல் தைக்கிற மாதம் இது. நேற்று மத்தியானம் பார்த்தேன், மிஷின் மேல் டவலைப் போட்டு மூடிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமையே பஸ் ஏறி சிதம்பரம் போனேன். வழக்கமாக அந்த பஸ்ஸில் ஒரு பழைய மாத நாவலை முடித்துவிடுவேன், அன்றைக்குப் பிரித்த பக்கத்திலேயே கண் நின்றது. கார்த்தி மாடி அறையில் உட்கார்ந்து வாசகர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் இப்போதெல்லாம் படிக்கிறது அதை மட்டும்தான், மற்றவர்கள் புத்தகம் என்றால் முதல் மூணு பக்கம், கடைசி மூணு பக்கம். விஷயத்தைச் சொன்னேன். இன்னா ஸ்ரீமதி நீ, கதையில வர்றவ ஆரோக்கியம், உங்க தெரு அம்மா சவரியம்மா, யாரு யாரோட முடிச்சுப் போடறா என்றான். நாம எல்லாருமே பாத்துத்தானே எழுதறோம், நீ உன் மாமனார வெச்சி எழுதலியா என்றான். என் மாமனாரை எழுதினேன், அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதினேன், அவர் பிழைப்பு அதனால் நிற்கவில்லை. பெயரையும் காலையும் டேப்பையும் மாற்று என்றேன். அத்தியாயத்தை மாற்றக் கூடாது என்பது நம் விதி என்று எனக்கே சொன்னான், கடைசி அத்தியாயம் உன்னுதுதானே, முடிஞ்சா நீயே ஜாமீன்ல எடு என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். போன மாதம் தேவனாம்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், வீட்டுக்கு வந்து ஜன்னலோரத்து என் நாற்காலியில் உட்கார்ந்து ரெண்டு டம்ளர் டீ குடித்தான், எதிரே பார்த்துக்கொண்டே இருந்தான், கதை யோசிக்கிறான் என்று நானும் பேச்சுக் கொடுக்காமல் விட்டேன்.

நேற்று சாயங்காலம் சவரியம்மாள் என் ஜாக்கெட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தாள், உள்ளே வா என்றேன், வரவில்லை. கொக்கி மட்டும் பாக்கி கெடந்துது, வெச்சிட்டேன் என்று கையில் கொடுத்தாள். திரும்பிப் போகும்போது, ஏம்மா, அந்தப் பொம்பள எப்ப வெளிய வருவா என்று கேட்டாள். உன் அப்பாவிடம் சொன்னால், ஒரு வாரத்துல மறந்துடுவாங்க, வேணும்னா நீ ஜாஸ்தியா ரெண்டு ஜாக்கெட்டுத் துணி எடுத்துக் குடு என்கிறார். கார்த்தியிடம் வந்த கோபத்தைவிட இதற்குத்தான் எனக்கு ஜாஸ்தி வந்தது. நான் தினமும் குக்கர் சத்தத்துக்கு நடுவே எழுதுகிறேன், பேப்பர் வந்ததும் மரண அறிவிப்பைத்தான் முதலில் படிக்கிறேன், எத்தனை மாத்திரைக்கு எத்தனை மணி நேரம் என்று டாக்டர்களை நச்சரிக்கிறேன், கதையில் ஒரு ஆள் செத்தால் அது பொருந்த வேண்டும் என்பதற்காக. உயிரோடு இருக்கிறவளுக்கு எதுவும் பொருந்த வேண்டாமா.

காலையில் மேசையைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன், ஒரு வரி ஓடவில்லை. சரி என்று கார்த்தியின் அத்தியாயத்தைப் பிரிண்ட் எடுத்து, மற்றவர்கள் கதையைப் படிக்கிற மாதிரி பென்சிலோடு படித்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியும், ஒவ்வொரு தடயத்துக்குப் பக்கத்திலும் இதை யார் பார்த்திருக்க முடியும் என்று எழுதுவேன். மாதா படம், டவல், ஆணி, டேப்பு. தெருவில் நின்று பார்த்தால் இதில் ஒன்றுகூடத் தெரியாது, சவரியம்மாள் வீட்டுக் கதவு மறைத்துவிடும், போய் நின்று பார்த்துவிட்டும் வந்தேன். துணி கொடுக்க வருகிறவர்களும் வாசலோடு போய்விடுவார்கள். அவள் வீட்டுக்கு எதிரே நம் ஜன்னலோரம், என் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் நாலும் ஒரே வரிசையில் தெரியும். எழுதியவனுக்கே அது தோன்றவில்லை, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிட்டான். அவன் எழுதிய ஒரு எழுத்தையும் நான் மாற்ற வேண்டியதில்லை. டேப்பு அங்கேதான் தொங்குகிறது என்று தெரிந்து, எடுத்து, காரியம் முடித்து, திரும்ப மாட்டிவைக்க அந்த நாற்காலிக்காரியால்தான் முடியும்.

கனி, இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தில் கொலைகாரி எதிர்வீட்டில் கொலைக்கதை எழுதுகிற பொம்பளை. பெயர் ஸ்ரீமதி, என் மூக்குக் கண்ணாடி, என் பிளாஸ்க், நம் வீட்டு நம்பர். ஏன் செய்தாள் என்று போலீஸ் கேட்டால், கதைக்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது என்பாள். ஆரோக்கியம் வெளியே வந்து மிஷினில் உட்காருவதோடு முடிக்கிறேன். இந்த முறை எழுதியதை முதலில் சவரியம்மாளிடம் படித்துக் காட்டுவேன், அவள் சரி என்றால்தான் அனுப்புவேன். அதற்கப்புறம் கார்த்தியோடு சேர்ந்து எழுதுவதில்லை, இதுதான் கடைசி. உன் அப்பா தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்பார், சவரியம்மாள் காட்டிய மாதிரி காட்டட்டும்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க வேண்டும், மாதாவிடம் சவரியம்மாள் உனக்காகவும் வேண்டிக்கொள்கிறாள். இருமலுக்குக் கொடுத்தனுப்பிய சித்தரத்தைப் பொடியைப் பிரிக்காமல் வைத்திருக்காதே. வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்பாவிடம் வாய் திறக்காதே. அவர் குளிக்கப் போயிருக்கிறார், நான் மேசையைத் திரும்ப ஜன்னலுக்கு இழுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஸ்ரீமதி
செம்மண்டலம், கடலூர்