இயந்திரத்துக்கு ‘விடு’ வேண்டாம்

12-8-1986, செவ்வாய்

இன்று இயந்திரம் ஓட்டும் கன்னியம்மா அக்காவின் காலில் சூடான தகடு விழுந்திருக்க வேண்டியது. ஒரு சாண் தள்ளி விழுந்தது.

தொழிற்சாலையில் தகடு தூக்கும் இயந்திரக் கைக்கு நான் ஒரு சின்னக் கட்டளை மொழி எழுதி வருகிறேன். பிடி, தூக்கு, விடு என்று விசைப்பலகையின் விசைகளில் தமிழ்ச் சொற்களையே ஒட்டியிருக்கிறேன். இயந்திரத்தை ஓட்டுகிறவர்களே கட்டளையும் எழுதவேண்டும் என்பது என் ஆசை. இன்று முதல்முறையாக அக்கா தானே ஒரு வரி அமைத்தார்: ‘சூடு என்றால் விடு.’ எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஓட்டச் சொன்னேன். கை தகட்டைத் தூக்கியது. சூடு தெரிந்ததும் அந்தரத்திலேயே பிடியைத் திறந்துவிட்டது.

அக்கா துள்ளி விலகினார். “இன்னா சார் இது? சூடா இருந்தா தொடாம வுட்டுடுன்னு சொன்னா, தூக்கி கீழ போடுது?”

ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினேன். ‘விடு’ என்றால் பிடியைத் திற என்று மட்டுமே வைத்தவன் நான். வீட்டில் “அதை விடு” என்று நாளெல்லாம் சொல்கிறவனும் நான்தான். ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அதற்குள் அக்கா தன் தூக்குச் சட்டியிலிருந்து மோர் ஊற்றி நீட்டினார். “குடி சார். மூஞ்சி இன்னாத்துக்கு இப்புடிப் போச்சு? எனக்கு இன்னா ஆயிடுச்சு இப்ப? வுடு சார்.”

நாளை அந்த விசையில் ‘திற’ என்று ஒட்டிவிடுவேன். அந்த வேலை சுலபம். ஆனால் மோரை நீட்டிக்கொண்டு அக்கா சொன்ன ‘வுடு’வுக்கு என் மொழியில் விசை இல்லை.